பெட்டியை எங்கே மாட்டுவது

போன மாதம் பிரபு போன் செய்தார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் கடல் பக்கமாக ஒதுங்கிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், நான் பல வருடம் உட்கார்ந்திருந்த மருந்து ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர் அவர். புதிதாக வந்தவர்.

“சார், ஆணுறைப் பெட்டிய வாசல்லேர்ந்து எடுத்து வேற எடத்துல மாட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. எங்க சார் மாட்டறது?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி செவத்துல ஒரு ஆணி இருக்கும், பாருங்க.”

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்து போய்ப் பார்த்திருக்கிறார்.

“இருக்குது சார். துருப்பிடிச்சிருக்கு.”

“அதான் அதோட எடம்.”

அவர் சிரித்தார். அந்த ஆணியின் கதையை எங்கள் மருந்தாளுநர் சங்க ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார். சரி என்றுவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என் மகளைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது என்று. நடந்து முடிந்து மாதங்கள் ஆகியும் அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். டி.பார்ம் முடித்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் முதல் வேலை. அங்கே சில வருடம், பிறகு இங்கே மாற்றல். வந்த ஊரிலேயே வீடு கட்டி, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு விருப்ப ஓய்வு வாங்கும்வரை இதே ஜன்னல்தான். அந்த வருடங்களில் இரண்டு மருத்துவ அலுவலர்களைப் பற்றிச் சொன்னால் போதும்.

முதலாமவர் ஒரு பெண். எல்லோரும் டாக்டரம்மா என்போம். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு வராந்தா முழுக்க அடங்கும்.

அவர் வந்தபோது ஆணுறைப் பெட்டி வாசல் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எடுப்பதில்லை. மாதக் கடைசியில் நாங்களே பாதியை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, செலவானதாகக் கணக்குக் காட்டுவோம். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

ஒரு நாள் மதியம் புறநோயாளிகள் போன பிறகு டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் அவரவர் வழக்கமாக இருக்கும் இடத்தில் நிற்கச் சொன்னார். நர்ஸ் ஊசி அறையில், நான் ஜன்னலில், லேப்காரர் அவர் மேஜையில். ஆயாம்மாவை நோயாளிகள் பெஞ்சில் உட்காரச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டுத் திரும்ப வந்தார்.

“இப்ப நான் டாக்டர் இல்ல. ஆணுறை எடுக்க வந்த ஆளு. நான் பெட்டியில கைய விடறது யாரு கண்ணுக்குத் தெரியுதோ அவுங்க கை தூக்குங்க.”

எல்லோரும் தூக்கினோம். எதிரே டீக்கடைக்காரரும் என்னவோ ஏதோ என்று கை தூக்கினார். அதற்கு மட்டும் டாக்டரம்மா சிரித்தார்.

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக நடந்தார். மருந்து ஜன்னல் ஓரம், ஊசி அறை வாசல், கழிவறைப் பக்கம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, கையை உள்ளே விட்டு, “இப்ப?” என்பார். எங்காவது ஒரு கை எழும். கடைசியில் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று “இப்ப?” என்றார். அவர் குரல் மட்டும் வந்தது. ஒரு கையும் எழவில்லை.

“இங்கதான் ஆணி அடிங்க” என்றார்.

அந்த இடத்துக்கு வேறு நன்மைகளும் இருந்தன. தண்ணீர் பிடிக்க யார் வேண்டுமானாலும் அங்கே போகலாம், ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். சுவரின் நிழல் விழும், ரப்பர் சூட்டில் கெடாது. நான் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகள் வரும் முன்பே நிரப்பிவிட வேண்டும். பழையது மேலே, புதியது அடியில். தேதி பார்க்காமல் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. முக்கியமாக, பெட்டி காலியாக இருக்கக்கூடாது. “கூச்சத்த மென்னு முழுங்கிட்டு ஒருத்தன் வருவான். பெட்டி காலின்னா அவன் ரெண்டாவது தடவ வர மாட்டான்” என்றார்.

பெட்டி காலியாக ஆரம்பித்தது. நிஜமாகவே.

சிலர் ஜன்னலுக்கே வந்தார்கள். அதில் முதல் ஆள் ஏழுமலை. எங்கள் ஊர்க் கடற்கரையில் படகு வைத்திருப்பவர். அப்போது புதுமாப்பிள்ளை. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். கடலுக்குள் போனால் உப்புத் தண்ணீர் பட்டுப் போன் செத்துவிடும். யாரோ ஆணுறைக்குள் போனைப் போட்டு முடிச்சுப் போடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

“சார், போனுக்கு ரெண்டு குடுங்க” என்றார், தரையைப் பார்த்தபடி.

கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். “போனுக்கு.”

“எத்தன போன் வச்சிருக்க ஏழுமல?”

“அது இன்னா சார், பொண்டாட்டி போனு, மச்சான் போனு…”

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த வார்த்தை ஊருக்குள் பிடித்துக்கொண்டது. எந்த ஆண் வந்தாலும் போனுக்குத்தான். போனே இல்லாதவர்களும் போனுக்குக் கேட்டார்கள். நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, “போனுக்குன்னே குடுங்க. அவுங்க ஒரு கதவ கண்டுபுடிச்சிருக்காங்க, நாம எதுக்குச் சாத்தணும்?” என்றார்.

அடுத்து வந்த அலுவலர் கெட்டவரல்ல. நேரம் தவறாதவர், கை சுத்தமானவர். ஆனால் எதையும் ஆய்வுக்கு வருபவர்களின் கண்ணால்தான் பார்ப்பார். பெட்டி எங்கே என்று கேட்டார். காட்டினேன்.

“வர்றவங்க கண்ணுல படாத எடத்துல வச்சா, பெட்டியே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. வாசல்ல மாட்டுங்க.”

மாட்டினோம். புதுப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தோம். அவர் “போனுக்கு” என்பதையும் நிறுத்தினார். அரசாங்கப் பொருளை வேறு உபயோகத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று ஜன்னலில் எழுதி ஒட்டச் சொன்னார். ஏழுமலை வந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அரசு மேல்நிலைப் பள்ளியின் பேருந்து நிறுத்தம். அத்தனை பிள்ளைகள், அத்தனை தாய் தகப்பன் கண் முன்னால் பெட்டி தொங்கியது. வருடக்கணக்கில் அதைத் தொடுபவர் இல்லை. நான் ஓய்வு பெறும்போதும் அது அங்கேதான் இருந்தது.

இனி என் மகள்.

அபிநயா எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. இதே பள்ளியில் போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவளைத் தேடி ஒரு பெண் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. அபிக்கு ஒரு வருடம் மூத்தவள். பள்ளி முடித்துச் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த பெண். அங்கிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

அபி என்னை உள்ளே இழுத்து, “அப்பா, அவ கலைக்கற மாத்திர போட்டிருக்காப்பா. கடையில வாங்கி. ரெண்டு நாளா ரத்தம் நிக்கலையாம்” என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவி சாந்திக்கும் புரிந்தது. “யாருடி அந்தப் பையன்? உங்க அம்மாவுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

இப்படி யாராவது வந்தால் என்ன செய்வது என்று டாக்டரம்மா எங்களுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதல் கேள்வி கல்யாணம் ஆகிவிட்டதா என்பதாக இருக்கக்கூடாது. யார், எப்போது, எங்கே, எதுவும் கூடாது. “உயிரோட இருந்தா எல்லாத்தையும் நாளைக்குச் சொல்லுவா” என்பார். முதலில் கேட்க வேண்டியது, துணி எத்தனை முறை மாற்றினாய் என்பது. பிறகு கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்க்க வேண்டும், நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும்.

“காலையிலேர்ந்து எத்தன நாப்கின் மாத்தினம்மா?” என்று கேட்டேன்.

“தெரியல சார். தீந்து போச்சு. பஸ்ஸுல துண்டு வச்சுட்டு வந்தேன்.”

அழுத்திய நகம் வெள்ளையாகவே நின்றது. அபி அதற்குள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். நான் சொல்லாமலே தலையணைகளைக் கொண்டுவந்து செல்வியின் காலுக்கு அடியில் அடுக்கினாள். சாந்தி அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செல்வியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், சிகிச்சை நடந்தது, பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, செல்வியின் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாந்தி அந்த நாற்காலியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அதில் நான் இன்றும் உட்காருவதில்லை.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனபோது செல்வி சொன்னதுதான் அபியை மாற்றியது.

“அந்தப் பெட்டிக்கு எதிர்லதான் சார் ஏழு வருசம் பஸ்ஸுக்கு நின்னேன். உள்ள இன்னா இருக்குன்னே தெரியாது. பாடத்துல அந்த சாப்டர் வந்தப்ப, வீட்டுல படிச்சுக்கோங்கன்னு டீச்சர் தள்ளிட்டாங்க. கடையில ஆணுறை கேக்க அவனுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம்.”

பிறகு, “மாத்திர கேக்கறப்ப மட்டும் வெக்கமா இல்ல சார். பயம்தான் இருந்துச்சு” என்றாள்.

அடுத்து நடந்ததை நான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை மனு நாளில் அபியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும், படித்து முடித்துப் போன சிலரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். கையில் அட்டை. ‘ஆணுறை கெட்ட வார்த்தை இல்லை. பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.’ யாரோ வீடியோ எடுக்க, அபி நிதானமாகப் பேசுகிறாள். அந்தப் பாடத்தை நடத்த வேண்டும். மாதம் ஒரு முறை நர்ஸ் பள்ளிக்கு வந்து, தனியறையில் பிள்ளைகளின் சந்தேகத்தைக் கேட்க வேண்டும். சுகாதார நிலையத்துப் பெட்டியை, வயது வந்தவர்கள் யாரும் கூச்சமில்லாமல் எடுக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும். செல்வியின் பெயரோ அடையாளமோ அவள் வாயில் வரவில்லை.

பணிக்காலம் முழுக்க அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். என் மகள் வாயிலிருந்து அது வந்தபோது அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன். கீழே வந்த செய்திகளை இங்கே எழுத மாட்டேன். ‘அப்பன் வித்ததை மகள் விக்கிறா’ என்பது அதில் மரியாதையான ஒன்று.

“ஏம்மா, வேற யாராவது பேசக்கூடாதா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அதத்தானப்பா கேக்கறாங்க, அவுங்கவுங்க வீட்டுல” என்றாள்.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அந்த வாரம் அவரைப் பலர் படுத்தி எடுத்திருந்தார்கள். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்க சார். உங்க பொண்ணு சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா ஜாஸ்தி பேரு வந்து கத்தறாங்க. மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டா இதோட விட்டுடலாம். இல்லன்னா டிசிய வாங்கிக்கச் சொல்லுவாங்க. பப்ளிக் எக்ஸாம் வருசம் சார்.” வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடும், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். அபி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். பரீட்சை போனால் ஒரு வருடம், கல்லூரி, எல்லாம் போகுமே என்று சாந்தி அழுதாள். எனக்கு அந்த வாரம் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன், அபிக்குத் தெரியாமல். நிலைமை மோசமானால் அவளைக் கெஞ்சியாவது கையெழுத்து வாங்குவது என்று.

கூட்டம் மாடியில் ஒரு வகுப்பறையில். உறுப்பினர்கள், ஆசிரியர்கள், கேள்விப்பட்டு வந்த பெற்றோர்கள் என்று அறை நிரம்பியிருந்தது. உறுப்பினர்களில் ஏழுமலையும் ஒருவர். அவர் பையன் பதினொன்றாம் வகுப்பு. தலை நரைத்துவிட்டது, தரையைப் பார்த்து நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பலர் பேசினார்கள். சின்னப் பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்றார்கள். பெட்டிதான் வாசலிலேயே தொங்குகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்றார் ஒருவர். தலைமை ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபியிடம், “நீ என்னம்மா சொல்ற?” என்றார்.

அபி எழுந்து ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டாள். எதிரே சுகாதார நிலைய வாசலும் பெட்டியும் வெயிலில் தெரிந்தன.

“அந்தப் பெட்டி யாருக்கெல்லாம் தெரியுதோ, கை தூக்குங்க சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாந்தி சோறு போடும்போது எப்போதோ கதையாகச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

தயங்கித் தயங்கி எல்லோரும் கை தூக்கினார்கள்.

“இப்ப யாராவது ஒருத்தர் போய் அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கேர்ந்து பாத்துகிட்டு இருக்கோம்.”

யாரும் அசையவில்லை. எனக்கும் கால் எழவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். “பெரியவங்க உங்களாலயே முடியல” என்று மட்டும் சொல்லிவிட்டு அபி உட்கார்ந்தாள்.

அப்போது ஏழுமலை எழுந்தார். படியிறங்கிப் போனார். நாங்கள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம். சாலையைக் கடந்தார். பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவர் என்னவோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பெட்டியில் கையை விட்டு எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். மேலே வந்து, மூச்சு வாங்க, தலைமை ஆசிரியர் மேஜையில் அதை வைத்தார்.

“போனுக்கு” என்றார்.

வயதானவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதிலிருந்தே எத்தனை பேர் போனுக்கு வாங்கியவர்கள் என்று தெரிந்தது. இளம் ஆசிரியர்கள் புரியாமல் விழித்தார்கள்.

ஏழுமலை என்னைக் காட்டினார். “தோ, சார்கிட்டதான் வாங்குவேன். போனுக்குன்னு பொய் சொல்லித்தான் வாங்குவேன். எம் பொண்டாட்டிக்கு ரெண்டு புள்ள போதும்னு இருந்துச்சு, ரெண்டோட நின்னுச்சு. இன்னிக்கு எம் பையன் வச்சிருக்கான் ஒரு போனு. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாதாம். நாளைக்கு அவன் வளந்து, கல்யாணம் கட்டி, அவன் இன்னா சொல்லிக் கேப்பான்? எனக்காச்சும் ஒரு பொய் இருந்துச்சு. இவனுங்களுக்கு அதுவும் இல்லியே. அந்தப் பொண்ணு உண்மையச் சொல்லிக் குடுங்கன்னுதான கேக்குது?”

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, “நீங்க அந்த வேலையில இருந்தவரு, சொல்லுங்க சார்” என்றார்.

மேஜைக்குப் போய் அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். உறையின் நிறம் வெளுத்திருந்தது, உள்ளே ரப்பர் வெயிலில் காய்ந்து ஒட்டிப் போயிருந்தது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது. “இது யாருக்கும் உதவாது சார். வெயில்ல பாழாப் போயிருக்கு. யாரும் எடுக்காத எடத்துல மாட்டுனா இப்பிடித்தான் ஆவும்” என்றேன். பிறகு பையிலிருந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்து, அப்படியே அவர் முன்னால் வைத்தேன். “இதுல எம் பொண்ணு கையெழுத்துப் போட மாட்டா சார். நானும் போடச் சொல்ல மாட்டேன்.”

ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

தலைமை ஆசிரியர் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். டிசி பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. பாடம் நடத்தப்படும், நர்ஸ் வருவார், பெட்டியை மாற்றச் சுகாதாரத் துறைக்கு எழுதுவது என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போடாமல் போனார்கள். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சிலர் என்னிடம் பேசுவதில்லை. அபி பரீட்சை எழுதித் தேறினாள். செல்வி கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று கூட்டம் முடிந்து அபியை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். சாவியைப் போட இரண்டு முறை முயன்றும் துளையில் நுழையவில்லை.

“அப்பா, நான் ஓட்டட்டுமா?”

“உனக்கு லைசென்ஸ் இல்ல. பதினெட்டு ஆகட்டும்.”

“கடுதாசிய பையிலயே வச்சிருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

அவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். சுகாதார நிலைய வாசலைக் கடக்கும்போது டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் வேகமாகப் போய்விடுவேன். அன்று வண்டியை மெதுவாகவே ஓட்டினேன், என் மகளை எல்லோரும் பார்க்கட்டும் என்று.